அக்காவின் ஊதாக் கம்பளிச் சட்டை

பாக்கார் ஆராங்கில் என் அக்கா வீட்டு அறைக்கதவின் பின்னால் ஓர் ஊதாக் கம்பளிச் சட்டை பல ஆண்டுகளாகத் தொங்கியது. குருண் ஊர்ப் பண்டல் கடையில் பழைய துணிக் குவியலைக் கிளறி, முழங்கால் வரை வருமா என்று பார்த்து எடுத்தது. மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத ஊரில் அதை அவள் அவ்வப்போது துவைத்துக் காயவைத்து மறுபடியும் மாட்டுவாள். நான் வேலை செய்த குளிர்நாட்டுக்கு வந்து பனி பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை.

பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்தவள் அவள். நான் நீரியல் ஆய்வாளன் ஆனேன். குளிர்காலத்தில் மலையேறி, பனிக்குள் குழாயைச் செருகி, உள்ளே வந்த பனியை எடைபோட்டுப் பார்ப்போம். அது உருகினால் ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது என் தொழில். என் சொல்லை நம்பி அணையைத் திறந்தார்கள். அக்காவும் நம்பினாள் என்றுதான் நினைத்தேன். அவள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "இந்த வருஷம் பனி சரியா விழல அக்கா, அடுத்த வருஷம் வா" என்பேன். வெளியே இடுப்பளவு கிடக்கும். அவளுடைய சாரோங் கைலியையும் வெற்றிலை வாயையும் உரத்த பேச்சையும் என் சக ஆய்வாளர்கள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கதை சொன்னார். தம்பி ஊரில் பனி விழ வேண்டும் என்று அக்கா மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தாளாம். "மழைக்கு வேண்டுவாங்க, ஐஸுக்கு வேண்டுற ஆள இப்பதான்லா பாக்குறோம்" என்று கோயிலில் எல்லாரும் சிரிக்க, அவளும் சிரித்துக்கொண்டே நடந்தாளாம்.

அன்று மாலையே அக்காவிடம் சொல்லிவிட்டேன். "பனி எல்லா வருஷமும் கொட்டுச்சு அக்கா. ஒன்ன அங்க கூப்பிட எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு."

அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தவில்லை. "கொட்டுனது தெரியும்லா. டிவியில காட்டுறான்ல."

"பின்ன எதுக்குப் பால்குடம்?"

"எங்கிட்டயே பொய் சொல்றியே, அங்க ஒனக்கு என்ன கஷ்டமோன்னு எடுத்தேன். ஆத்தாகிட்ட போய், என் தம்பி பொய் சொல்றான்னா வேண்ட முடியும்? பனின்னு சொல்லி வச்சேன்."

கதவின் பின்னால் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. சட்டை அக்காவின் பயணப் பெட்டியில், வெற்றிலைப் பொட்டலத்தின் மேல். விமான நிலையத்தில் வெற்றிலையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று சொன்னேன். "ஒன்ன மாதிரி பொய் சொல்லிக்கிறேன்லா" என்றாள். பழைய சக ஆய்வாளர்கள் எல்லாருக்கும் எழுதிவிட்டேன், என் அக்கா வருகிறாள் என்று.