சாந்தோம் மணலில் எட்டு பேர்

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் கடல் வழியாக வரப்போகிறான் என்ற பேச்சில் மயிலாப்பூரே பாதி காலியாகி, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். நான் அங்கே தேகப்பயிற்சி ஆசிரியர். வயது இருபத்தாறு. அப்பா வாத்தியார், இரண்டு சித்தப்பாக்களும் வாத்தியார்கள், அக்கா கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் டீச்சர். சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டை 'வாத்தியார் வீடு' என்று சொன்னால்தான் தபால்காரருக்கே தெரியும். அந்த வீட்டில் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகளே இல்லாத ஒரு வாத்தியாராக நான் மட்டும் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டார். குண்டு விழுந்தால் அணைக்க ஆள் வேண்டுமென்று பக்கத்தில் புதிதாக ஒரு தீயணைப்பு நிலையம் திறந்திருக்கிறார்களாம். கிடைத்த ஆட்களையெல்லாம் சேர்த்துவிட்டார்களாம். பாதிப் பேருக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறதாம். உடம்பைத் தேற்றிவிட ஒரு ஆள் வேண்டுமென்று நிலைய அதிகாரி கேட்டிருக்கிறார். நான் மறுநாளே விசிலை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

என்னிடம் கொடுத்தது எட்டு பேர். அதில் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் போதும். ஒருவர் அடையாற்றில் தோணி தள்ளியவர். ஆற்றங்கரைக் குடிசைக்காரர், நெட்டையான ஆள், நாற்பது வயதிருக்கும். இன்னொருவர் மாடவீதிப் பக்கம் கல்யாணச் சமையல் செய்துகொண்டிருந்தவர். ஊர் காலியானதில் கல்யாணங்களும் நின்றுபோக, இங்கே வந்து சேர்ந்துவிட்டார். நல்ல கனம். பெல்ட்டின் கடைசி ஓட்டைகூட அவருக்குப் பற்றவில்லை.

அதிகாரி கண்டிப்பானவர். இரண்டு மாதத்தில் பெரிய அதிகாரி வந்து பரீட்சை வைப்பார், எட்டு பேரும் ஒரு கோஷ்டி, கடைசி ஆள் முடிக்கிற நேரம்தான் கோஷ்டியின் நேரம், தேறாவிட்டால் மொத்தக் கோஷ்டியையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

தினமும் விடிந்ததும் கடற்கரை. கட்டுமரங்கள் புறப்பட்டுப் போன ஈரமணலில் எட்டு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, பள்ளிக்கூடத்தில் செய்ததையே செய்தேன். கையைத் தூக்கு, இறக்கு, குனிந்து கால்விரலைத் தொடு. பிறகு தண்டால், பஸ்கி, கரளாக்கட்டை. விசில் ஊதினால் எட்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பார்க்க அழகாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வாரம் பயிற்சி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, தோணிக்காரர் என் பக்கமாக வந்து குந்தினார்.

"கோச்சுக்காத வாத்தியாரே. கையத் தூக்கு காலத் தூக்குன்றே, நாங்களும் தூக்கிக்கினுதான் கீறோம். ஆனா அந்தக் குழாயத் தூக்கிக்கினு ஓடசொல்லோ இது ஒண்ணும் ஒதவ மாட்டேங்குது. நீயே ஒரு தபா தூக்கிப் பாரேன்."

அவர் குரலில் கிண்டல் இல்லை. அதனால்தான் எனக்கு ரோஷம் வந்தது. மறுநாள் காலை நான் அவர்களுடைய தடித்த சட்டை, பூட்ஸ், இரும்புத் தொப்பி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டேன். நனைந்த கான்வாஸ் குழாய்ச் சுருளைத் தோளில் வைத்தார்கள். ஒரு பர்லாங் தூரம்தான். அரை டிராயரும் பனியனும் போட்டுக்கொண்டு நான் தினமும் அதைப்போல எட்டு மடங்கு ஓடுகிறவன். பாதி தூரம்கூடப் போகவில்லை. பூட்ஸ் மணலில் புதைந்தது, குழாய் கழுத்தை அழுத்தியது, தொப்பி கண்ணில் இறங்கியது. காய்ந்துகொண்டிருந்த ஒரு வலையின் மேல் குப்புற விழுந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சமையல்காரர்தான் முதலில் வந்து என்னைப் புரட்டி உட்காரவைத்தார். "தப்பா நெனச்சுக்காதேள் சார்," என்றார். "நீங்க விழுந்ததைப் பார்த்தப்புறம்தான் நேக்கு நம்பிக்கையே வந்தது."

அன்றிலிருந்து விசிலை ஒரு பக்கமாக வைத்தேன். அவர்கள் செய்கிற வேலை என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இழுப்பது, சுமப்பது, ஏறுவது, மூச்சுத் திணறும்போதும் நிற்காமல் இருப்பது. அதையே பயிற்சியாக்கினோம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவரையொருவர் தோளில் போட்டுக்கொண்டு அலை நக்கும் ஓரமாக நடந்தோம். மணல் நிரப்பிய சாக்குகளைக் கைமாற்றினோம். தண்ணீர் இறைக்கும் பம்ப் பொருத்திய, கையால் இழுக்கிற வண்டியை மணலுக்குள் இறக்கி, எல்லோருமாக இழுத்து ரோட்டுக்கு ஏற்றினோம். ஓடும்போது நன்றாக ஓடுகிறவர்கள் முன்னால் போய்விடாமல், சமையல்காரரை முதலில் விட்டு, அவர் வேகத்தில் மற்றவர்கள் ஓடினார்கள். பத்து நாளில் அவர் வேகமே மாறிவிட்டது. பின்னால் ஏழு பேருடைய பூட்ஸ் சத்தம் துரத்தும்போது யார்தான் மெதுவாக ஓடுவார்கள்?

எண்ணிக்கைக்கு நான் ஒன், டூ சொல்வதையும் விட்டாயிற்று. தோணிக்காரர் ஆற்றில் துடுப்புக்காகப் போடும் குரலைப் போட்டார். அவர் "ஏலே" என்றால் மற்றவர்கள் "ஐலசா". அந்தக் குரல் எழுந்துவிட்டால் கை கால்கள் நம்மைக் கேட்காமலே வேலை செய்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட எங்கள் பக்கம் பார்த்துவிட்டுக் கூடச் சேர்ந்து குரல் கொடுத்தார்கள்.

இதிலெல்லாம் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். ஒன்பதாவது ஆளாக, எப்போதும் கடைசியாக. விடிவதற்கு முன்பே எழுந்து வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பேன். அத்தனை சந்தோஷமாக நான் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போனதில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் எங்களில் ஒருவருக்கு அம்மை போட்டுவிட்டது. ஏழு பேரை வைத்துப் பரீட்சை கிடையாது என்றார் அதிகாரி. தோணிக்காரர்தான், "இன்னாத்துக்கு யோசனை? வாத்தியார் கீறாரே," என்றார்.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். உதவிப்படைத் தொண்டராகச் சேர்ந்தால் ஆட்சேபணை இல்லை என்றார். அங்கேயே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். மனதில் பயம் கொஞ்சம், மீதியெல்லாம் வேறு ஏதோ.

மறுநாள் காலை நிலைய வாசலில் மணி அடித்ததும் பம்ப் வண்டியை இழுத்துக்கொண்டு கச்சேரி ரோட்டில் ஓடினோம். நான் பின்னாலிருந்து தள்ளினேன். பூக்கடைக்காரர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒரு ஜட்கா குதிரை மிரண்டு பிளாட்பாரத்தில் ஏறியது. சித்திரைக்குளம் வந்ததும் உறிஞ்சு குழாயைப் படிகளின் வழியே தண்ணீரில் இறக்கி, மறுபக்கம் கான்வாஸ் குழாயை விரித்தோம். பம்ப் இரண்டு முறை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்தபோது குளத்தைச் சுற்றி நின்ற கூட்டம் கத்தியது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரிய அதிகாரி கையிலிருந்த ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டே, எதிரே இருந்த இரண்டு மாடி வீட்டைக் காட்டினார். மொட்டை மாடியில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார், ஏணி வைத்து இறக்க வேண்டும் என்றார். மயங்கிக் கிடக்க அவர் தேர்ந்தெடுத்தது சமையல்காரரை. அவரைத் தூக்கி இறக்க வேண்டியவர், கோஷ்டியில் கடைசியாக ஓடி வந்தவர். அதாவது நான்.

நான் ஏணியில் ஏறினேன். சமையல்காரர் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து, ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீங்களா?" என்றவர் உடனே கண்ணை மூடிக்கொண்டார். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, ஏணிப் பக்கம் திரும்பினேன். முதல் படிக்காகக் கால் நீட்டித் தேடினேன். படி கிடைக்கவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. முதுகுப் பக்கம் அவர் கபாலியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது. ஏலே. உடனே மற்றவர்கள். கால் படியைத் தொட்டது. அடுத்த குரலுக்கு அடுத்த படி. அவர்கள் குரல் கொடுத்தார்கள், நான் இறங்கினேன், அவ்வளவுதான். கூட்டமும் சேர்ந்துகொண்டது. எத்தனை படி என்று எண்ணவில்லை. தரை வந்ததே தெரியாமல் இன்னொரு படிக்காகக் காலைத் துழாவியிருக்கிறேன். ஆறு பேர் சேர்ந்து எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்துத் தூக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

கொடுத்த நேரத்தில் இன்னும் அரை நிமிஷம் பாக்கி இருந்தது. பெரிய அதிகாரி அதைச் சொன்னதும் தோணிக்காரர் தொப்பியைக் கழற்றி, குளத்துத் தண்ணீரை மொண்டு என் தலையில் ஊற்றினார். "வாத்தியாரே, பாஸாயிட்டே," என்றார்.

சில வாரங்களில் பள்ளிக்கூடம் திறக்கப்போவதாகக் கடிதம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்து அப்பா அதை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும், நான் தீயணைப்பு நிலையத்திலேயே இருந்துவிடுகிறேன் என்றேன். அப்பா கடிதத்தை இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் முற்பகல், மந்தைவெளியில் ஒரு வைக்கோல் கிடங்கு பற்றிக்கொண்டது. வண்டியோடு எங்கள் தெரு முனையைக் கடந்தபோது, பையும் கையுமாக மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்துவிட்டார். நான் கையசைக்கவில்லை, இரண்டு கையும் வண்டியில் இருந்தன. அம்மா பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் எங்கள் எல்லோர் மேலும் சேர்த்து ஒரு சிலுவை போட்டார். நாங்கள் ஓடிக்கொண்டே இருந்தோம்.