ரோகிணி விட்டுக்கொடுத்த சாயங்காலம்

அக்காவின் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் பார்த்தவள் அவளுடைய நாத்தனார். இருவரும் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நகர்ந்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட ஓர் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள்; அதனால் தலை நிமிர்ந்தே இருக்கும். அப்படி அக்கா நிமிர்ந்திருந்த ஒரு காலையில் நாத்தனார் தன் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாளாம்: "அண்ணி, தொண்டைல இன்னாத்த வச்சிக்கினு கீற?"

நெல்லிக்காய் அளவு இருந்தது. ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால்தான் எந்த வகைக் கட்டி என்று சொல்ல முடியும் என்றார் பொன்னேரி டாக்டர். அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். அது மார்கழி. அதே மாதம் நாத்தனாரின் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. திருவாதிரை நட்சத்திரம் மங்கிக்கொண்டே போகிறது, எந்த நேரமும் வெடித்துவிடும் என்று ஒரு கனத்த குரல் அதில் சொன்னது.

அக்கா பிறந்தது திருவாதிரையில். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது தன் பெயரைவிட நட்சத்திரத்தைத்தான் அவள் உரக்கச் சொல்வாள்.

"அது தெளியட்டும். அப்பால ஊசி போட்டுக்கறேன்" என்றாள்.

நான் சென்னையில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்துகிறவள். வார விடுமுறையில் ரயிலேறி, பொன்னேரியில் பஸ் மாறி, ஏரிக்கரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவேன். திருவாதிரை பற்றிய செய்தி என் மேசைக்கும் வந்திருந்தது. வீடியோவின் முதல் பாதி உண்மை. நட்சத்திரம் மங்கித்தான் இருந்தது. வெளிச்சம் ஏறி இறங்கும் நட்சத்திரங்களை வானியலாளர்கள் அவற்றின் நடத்தையைப் பார்த்து இனம் பிரிக்கிறார்கள். கடிகாரம்போலத் தவறாமல் ஏறி இறங்குபவை ஓர் இனம். துணை நட்சத்திரம் குறுக்கே வந்து மறைப்பதால் மங்குபவை இன்னொன்று. திருவாதிரை பாதி ஒழுங்கும் பாதி தன்னிஷ்டமுமாக நடக்கிற இனம். வெடித்துப்போனவற்றின் கணக்கு தனி. சிதறியதன் வெளிச்சத்தில் ஹைட்ரஜனின் தடம் இருந்தால் இரண்டாம் வகை, இல்லாவிட்டால் முதல் வகை. யாரும் போய்த் தொட்டுப் பார்த்ததில்லை. நம் வரைக்கும் வந்து சேரும் வெளிச்சத்தை வைத்துத்தான் எல்லாம்.

இதைச் சொன்னபோது அக்கா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"நண்ட அமுக்கிப் பாத்து, சதை கீதா, உள்ள வெறும் தண்ணியான்னு பிரிக்கிறோமே, அப்படியா?"

"அமுக்க முடியாதுக்கா. பார்க்க மட்டுந்தான்."

"பாத்தே சொல்றவன்கிட்ட நான் நண்டு வாங்க மாட்டேன்" என்றாள். பிறகு, "சரி, வெடிக்குமா வெடிக்காதா? ஒண்ணு சொல்லு" என்றாள்.

"வெடிக்கும். அதுக்கு லட்சம் வருஷம்கூட ஆகலாம்."

"நாளைக்கும் ஆவலாம்?"

"ஆகலாம்" என்றேன். உறுதி செய்யாததை எழுதக் கூடாது என்பதுதான் என் பிழைப்பு.

மங்கியதா தெளிந்ததா என்று அறிய, மாறாத பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். திருவாதிரைக்குப் பக்கத்தில் அதே செம்மையோடு இருப்பது ரோகிணி. மற்ற வருடங்களில் ரோகிணியைவிடத் திருவாதிரைக்கே வெளிச்சம் அதிகம். அந்த வருடம் தலைகீழ். இதில் ஒரு சிக்கல், நாத்தனார் பிறந்தது ரோகிணியில்.

அவள் எதிலும் தோற்றவளில்லை. ஏரியிலிருந்து கரையேறியதும் இரண்டு பறிகளையும் தூக்கிப் பார்ப்பாள். தன்னுடையது கனத்தால், "பாத்தியா?" அக்காவுடையது கனத்தால், "உன்னுதுல பூரா சேறு." இப்போது வானத்திலும் ஜெயித்தால் சும்மா இருப்பாளா? தை மாதம் முழுக்க, விளக்கு வைக்கும் நேரத்துக்கு, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வேலியோரம் வந்து நிற்பாள். "அண்ணி, என்னுது இன்னா ஜோரா எரியுது பாரு. உன்னுதுக்கு எண்ணெய் ஊத்தலியா?"

"போடி, உன்னுது வெறும் பகட்டு" என்பாள் அக்கா. சிரிப்பார்கள். ஆனால் ஊசி தள்ளிக்கொண்டே போனது. மாசி பிறந்தபோது, ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் அக்கா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அதை நாத்தனாரும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வேலியோரம் கேலி கேட்கவில்லை.

அடுத்து வந்த வார விடுமுறையில் நான் அங்கே இருந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. நாத்தனார் வேலியோரம் நிற்காமல் நேரே வாசலுக்கு வந்து கத்தினாள்.

"அண்ணி, வெளிய வா! ஏறிடுச்சு! என் ரோகிணியத் தாண்டிப் போயிடுச்சு உன்னுது!"

அக்கா ஈரக்கையோடு வந்தாள். நானும் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. திருவாதிரை தாண்டவில்லை. அதுவரை நான் பார்த்ததிலேயே அன்றுதான் மிகவும் மங்கியிருந்தது. ரோகிணியின் வெளிச்சத்துக்கு எட்டாமல், பக்கத்திலிருந்த சின்ன நட்சத்திரத்தோடு சமமாகக் கிடந்தது.

"இன்னாடி, பேப்பர்காரி? மெய்யா?" என்றாள் அக்கா.

நாத்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. சேற்றில் இறாலைப் பிடிக்கிற பிடி.

"ரோகிணி அவங்களுது. அவங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அக்கா வெகுநேரம் மேலே பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். "காலைல மொத பஸ் எப்போ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளும் பக்கத்தில் நானும். பாதி வழியில், வெளியே பார்த்தபடியே அக்கா சொன்னாள். "எனக்கு கண்ணு அவிஞ்சா போச்சு? அது ஏறவே இல்ல."

"அப்புறம் ஏன்க்கா கிளம்பினே?"

"ஒரு இறா கொறஞ்சாலும் ஒத்துக்காதவ அவ. அவளே வந்து தோத்துட்டேன்னு சொல்றான்னா, எவ்ளோ பயந்து போயிருப்பா. அதுக்கு மேல இன்னாத்தப் பாத்துக்கினு குந்திருக்கிறது?"

கட்டி கெட்ட வகை இல்லை என்று முடிவு வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். நாத்தனாரிடம் சொன்னபோது, "அதுக்கா இம்மாம் பேஜாரு பண்ண?" என்று திட்டிவிட்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வர நேரமாயிற்று.

பிறகு கொரோனா ஊரடங்கு வந்தது, ரயில் நின்றது. நான் அக்கா வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். திருவாதிரை, தானே வெளியேற்றிய தூசு மறைத்ததால் அப்படி மங்கியிருக்கும் என்று வானியலாளர்கள் பின்னால் சொன்னார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்தது, பங்குனியிலிருந்து அது ஏறிக்கொண்டிருந்தது என்பது மட்டும். சித்திரையில் ஒரு சாயங்காலம், மேற்கே சாய்ந்திருந்த இரண்டையும் பார்த்தேன். சந்தேகமே இல்லை. திருவாதிரை ரோகிணியைத் தாண்டிவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் நாத்தனாரும் அண்ணாந்திருந்தாள்.

"அண்ணி," என்றாள், "நல்லா பாத்து சொல்லு. இன்னிக்கி என்னுதுதான் பெருசு, இல்ல?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவசரப்படவில்லை.

"ஆமாண்டி, உன்னுதுதான்" என்றாள்.