பம்பு ரீடிங்கை அழித்துப் பார்த்தது

பத்தாவதைத் தாண்டாத எனக்கு அந்த வேலையைக் கொடுத்ததே பெரிய கவலை. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்புகளைக் கவனிக்கும் சின்ன கான்ட்ராக்ட் ஆபீஸ் அது. அங்கிருந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் பேக்கப் கிளையன்ட் போடவேண்டும். இருக்கிற ஃபைல்களைத் தினமும் நகல் எடுத்து, வேறு கட்டடத்து சர்வருக்கு அனுப்பி வைக்கும் சாஃப்ட்வேர். பழைய யுனிக்ஸ் மெஷினுக்கு ஒரு பேக்கேஜ், லினக்ஸ் சிஸ்டத்துக்கு வேறு. மாற்றிப் போட்டுவிடுவேனோ என்று, இது எந்த சிஸ்டம் எனக் கேட்கும் கமாண்டைத் திரும்பத் திரும்ப அடிப்பேன். அது ஒருநாளும் பதிலை மாற்றிச் சொன்னதில்லை. இருந்தாலும் அடிப்பேன்.

லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் ரீடிங் ஏற்றும் அக்கா உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பம்புக்கும் நீர்மட்டம் எவ்வளவு என்று வருடக்கணக்காக அவர் ஒருவரே தட்டி வைத்த ஃபைல். வேறெங்கும் நகல் கிடையாது. கிளையன்டைப் போட்டு, சர்வரில் பதிந்து, முதல் பேக்கப்பையும் முடித்தேன். எல்லாம் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இங்கே தொலைந்தால் திரும்ப எடுக்கலாம் என்றேன். எடுத்துக் காட்டு என்றார் அக்கா. புதிதாக ஒரு ஃபைலை உண்டாக்கி அழித்துக் காட்டவா என்று கேட்டேன். அது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, என்னுடையதையே அழி என்றார்.

கை வரவில்லை. அழிப்பதுபோல் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒளிச்சி வச்சிக்கினு அழிச்சேன்றியா? டிஸ்க்கு போச்சின்னா அது இப்புடித்தான் பத்திரமா எடுத்து வைக்குமா?"

"பயமா இருக்குதுக்கா."

"எனக்குந்தான். அதுக்குத்தான அழிக்கச் சொல்றேன்."

அழித்தேன். சர்வரிடம் நகலைத் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஃபைல் வந்து நின்றது. அக்கா திறந்தார். அனுமதி இல்லை என்றது திரை. அக்கா மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்ற லாகினில் இருந்து நான் மீட்டதால் ஃபைலும் ரூட் பெயரிலேயே வந்திருக்கிறது. அது புரியவே நேரமாயிற்று. உரிமையை அக்கா பெயருக்கு மாற்றும்போது பதற்றத்தில் அவர் லாகினைத் தப்பாக அடித்து, மறுபடி அடித்தேன்.

இந்த முறை திறந்தது. அக்கா முதல் வரியிலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே போனார், நடுநடுவே நின்று படித்தார். அடிவரைக்கும் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அன்றைய ரீடிங்கைக் கீழே தட்ட ஆரம்பித்தார்.