இக்னேசியஸின் ஆண்டுப் பூசை

றோசலின் தன் கணவனைச் சாகடித்தது 1989ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், ரொறன்ரோவில் ஓர் அகதி விசாரணை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில். அந்த நேரம் இக்னேசியஸ் ஒரு கிரேக்கக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் துடைத்துக்கொண்டு நல்ல சுகமாக இருந்தான்.

சொல்லிக்கொடுத்தவன், கொழும்பில் அவளைப் பிளேன் ஏற்றிவிட்ட ஏஜென்ற். "புருசன் கிரேக்கக் கப்பலில எண்டு சொன்னியளெண்டால், அப்ப அவரிட்டப் போங்கோ எண்டுவாங்கள். கடலுக்குப் போனவர், திரும்பி வரேல்ல எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு பாக்கலாம்."

அவளுடைய ஊரான ஊர்காவற்துறையில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு அந்த வருடங்களில் குறைவில்லை. அவள் அப்படியே சொன்னாள். அதிகாரி, என்றைக்கு என்று கேட்டார். அதை ஏஜென்ற் சொல்லித் தந்திருக்கவில்லை. அவள் வாயில் வந்த ஒரே திகதி மாசி ஐந்து, அவர்களுடைய கலியாண நாள். சொன்ன கையோடு அழுகை வந்துவிட்டது. அதிகாரி நல்ல மனிதர். ரிசு பேப்பர் பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பார்க்டேலில் நான்கு பெண்கள் சேர்ந்து இருந்த அப்பார்ட்மெண்டில் அவளுக்கு ஒரு மூலை கிடைத்தது. அதே கட்டடத்தில் அருள்நாயகி அன்ரி இருந்தார். தமிழ்க் கத்தோலிக்கரின் செபக்கூட்டத்தை நடத்துகிறவர். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருடைய தாய் ஊரில் காலமானார், எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"பிள்ளை, அவரின்ரை ஆண்டுப் பூசை எப்ப வருது?" என்று அவர் கேட்டார்.

அலுவலகத்தில் சொன்ன கதை அன்ரிக்கும் எட்டியிருந்தது. வீட்டில் இருந்த மற்றப் பெண்கள் றோசலினைப் பார்த்தார்கள். அலுவலகத்தில் ஒன்று சொல்லி இங்கே வேறொன்று சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. மாசி ஐந்து என்றாள். அருள்நாயகி அன்ரி அதைக் கலண்டரில் குறித்தார். அந்தக் குறிப்பு அதன்பின் ஒரு வருடமும் தவறவில்லை. வாடகைக்கு எடுத்த ஒரு தேவாலயத்தில் ஒவ்வொரு மாசியிலும் தமிழ்ப் பூசை, பிறகு கீழ் மண்டபத்தில் சாப்பாடு. சமைக்கிறவள் றோசலின். கலியாண நாளில் உயிரோடிருக்கும் புருசனுக்கு ஆத்துமசாந்திப் பூசை வைத்து, முப்பது பேருக்குச் சோறு போட்டாள்.

அந்தப் புருசனின் கப்பல் 1990இல் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. முதலாளி கடனில் விழுந்து வங்குரோத்து. பதினான்கு பேர் சம்பளமில்லாமல் பதினொரு மாதம் கப்பலுக்குள் கிடந்தார்கள். கரையிலிருந்து யாரோ கோயில்காரர் அவரைக்காயும் பாணும் படகில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுடைய அடையாளமான சீமன் புத்தகங்கள் கப்டனின் பெட்டியில் இருந்தன. கப்டன் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டான். ஒருநாள் இக்னேசியஸ் கயிற்றேணியால் இறங்கி, மீன்காரன் ஒருவனின் படகில் கரைக்கு வந்து, ஆவணித் திருநாளுக்கு ஆள் தேவை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தீனோஸ் என்கிற தீவுக்குப் போகும் கப்பலில் ஏறினான். கையில் ஒரு கடதாசியும் இல்லை. தீவில் அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் திரும்பி ஏறினால், பிரேயஸில் இறங்கும்போது துறைமுகப் பொலிஸ் கேட்கும். அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

இதையெல்லாம் அவன் கசெற்றில் பேசி அனுப்பினான். கிரேக்கப் பாட்டுக் கசெற்றை வாங்கி, அதன் மேலேயே பதிவுசெய்வான். அவன் மூச்சுவிட நிறுத்துகிற இடங்களில் பழைய பாட்டு கொஞ்சம் கேட்கும்.

"இஞ்ச, றோசலின், ஆவணி பதினைஞ்சு எண்டால் எங்கட மடு மாதா திருநாள் மாதிரித்தான். கப்பல் கப்பலாச் சனம். இறங்கின இடத்திலயிருந்து கோயில்மட்டும் முழங்காலிலதான் போகுதுகள். நான் ஆக்களின்ரை பெட்டியளைத் தலையில வைச்சுக்கொண்டு பக்கத்தில நடக்கிறது. முழங்காலில போறவைக்குப் பெட்டி தூக்கேலாதுதானே. நல்ல தொழில்."

பிறகு சிரிப்பான்.

"ஐப்பசி பிறந்தால் ஊர் செத்துப்போம். றூம் எல்லாம் பூட்டு. நான் யன்னலுக்குப் பச்சைப் பெயின்ற் அடிக்கிறன், ஒலிவ் காய் பிடுங்கிறன். காத்துத் துவங்கினால் கப்பல் வராது. நாலு நாள், அஞ்சு நாள். தக்காளி இல்லை, பேப்பர் இல்லை, காஸ் சிலிண்டர் இல்லை. கடைக்காரன் வெறும் தட்டுக்கு முன்னால குந்தியிருப்பான். இவையளுக்கும் கஷ்டம்தான் பாவங்கள். நான் இருக்கிற வீட்டுக்கார மனுசிக்குப் பென்சன் பிந்திப் பிந்தி வருது. எண்டாலும் ஒரு கோப்பை சூப் எனக்கு இருக்கும். எங்கட ஊர்க் கரைமாதிரியே இஞ்சயும் கணவாயைக் கயித்தில காயப்போடுறாங்கள். அது சரி, என்ரை ஆண்டுக்கு இந்த முறை என்ன சமைச்சனீர்? ஆக்கள் நிறையச் சாப்பிட்டவையோ? ஆரும் என்னைப் பற்றி நல்லதாச் சொன்னவையோ?"

றோசலினுக்குக் கோபம் வரும். கசெற்றை நிறுத்திவிட்டுப் போய்ச் சோற்றை வடிப்பாள். பிறகு வந்து மறுபடியும் போடுவாள்.

அவள் ஹெல்த் கெயர் எயிட் படிப்பை முடித்து, ஸ்காபரோவில் ஒரு நேர்சிங் ஹோமில் வேலை எடுத்தாள். வோபர்னில் தனியாக ஒரு பேஸ்மெண்டுக்கு மாறினாள். இரண்டு தலையணை வாங்கினாள். அடுத்த அலுவல் அவனைக் கூப்பிடுவது.

அகதிக் கேஸ்களுக்கு மொழிபெயர்க்கிற வாகீசனிடம் போய்க் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னாள்.

"அக்கா, செத்த ஆளை எப்பிடி ஸ்பொன்சர் பண்ணுறது?"

"சாகேல்ல எண்டு சொல்லுறன்."

"அப்ப நீங்கள் முதல் சொன்னது பொய். உங்கட கேஸையே திருப்பித் திறந்தாலும் திறப்பாங்கள். ஒரு வழி இருக்கு. வேற பேரில அவருக்கு ஒரு பாஸ்போர்ட் புத்தகம் எடுப்பிச்சு, புதுசாக் கலியாணம் கட்டுங்கோ. கனபேர் செய்தவை. இல்லையெண்டால் பொறுங்கோ. கனடாச் சிற்றிசன் எடுத்த பிறகு உண்மையைச் சொல்லிப் பாப்பம்."

தீனோஸில் வீட்டுக்கார மனுசியின் குசினியில் ஒரு ரெலிபோன் இருந்தது. றோசலின் எடுத்து, வேறு பேரைப் பற்றிச் சொன்னாள். இக்னேசியஸ் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

"ஒருக்கா என்னைச் சாக்காட்டினீர், சரி. இப்ப பேரையும் எடுக்கப்போறீரே? நான் இக்னேசியஸாத்தான் வருவன்."

"பேரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அங்கயே இருங்கோ."

"இருக்கிறன். நீர் சிற்றிசனை எடும்."

அது 1992. அவளுக்கு முப்பத்தைந்து வயது. சிற்றிசன் விண்ணப்பத்துக்கே இன்னும் இரண்டு வருடம் கிடந்தது. பிள்ளை பெறுகிற வயது கையைவிட்டுப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். ரெலிபோனில் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் பேரை விட்டிருப்பானோ என்று பிற்காலத்தில் அடிக்கடி யோசித்தாள்.

வீட்டுக்கார மனுசியின் தமக்கை கலியோப்பி ரொறன்ரோவில்தான் இருந்தார், டான்போர்த் வீதிக்குப் பின்னால், முன்வாசலில் தக்காளி நட்ட ஒரு சின்ன வீட்டில். அடுத்த கசெற்றில் இக்னேசியஸ் விலாசம் சொன்னான். றோசலின் சப்வே எடுத்துப் போனாள். இருவருடைய ஆங்கிலமும் வேலைத்தலங்களில் பொறுக்கியது, அதுவே போதுமாயிருந்தது. கலியோப்பி ஒவ்வொரு கோடையிலும் தீவுக்குப் போவார். போகும்போது மிளகாய்த் தூளும் இரண்டு கம்பளிக் காற்சட்டையும் கொண்டுபோவார். வரும்போது கசெற் கொண்டுவருவார். இக்னேசியஸ் நரைத்துவிட்டான், ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறான் என்பார். அவனுக்குக் கிரேக்கம் வாய்க்கு வந்துவிட்டது, ஊரில் எல்லாரும் 'இக்னாத்தியோஸ்' என்று கூப்பிடுகிறார்கள் என்பார்.

1994 மார்கழியில் சிற்றிசன் சத்தியப்பிரமாணத்துக்குக் கடிதம் வந்தது. பங்குனி ஒன்பதாம் திகதி. றோசலின் வேலையிடத்தில் ஆவணிக்கு மூன்று கிழமை லீவு எழுதிக் கொடுத்தாள். பாஸ்போர்ட் எடுத்ததும் தீனோஸுக்குப் போவது, முழங்காலில் போகிறவர்களுக்குப் பக்கத்தில் பெட்டியோடு நடந்து வருகிறவனைப் பார்ப்பது, திரும்பி வந்து வாகீசனோடு போய் உண்மையைச் சொல்வது. இந்த ஒழுங்கில் செய்வது என்று தீர்மானித்திருந்தாள்.

தை மாதம் இருபத்திரண்டாம் திகதி மத்தியானம், அவள் யூனிபோர்ம் போட்டு வேலைக்கு வெளிக்கிட நிற்கையில், கதவில் தட்டிக் கேட்டது. கலியோப்பி. இரண்டு பஸ் மாறி, பனிக்குள்ளால் நடந்து வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து கதிரையில் இருந்தார். ரெலிபோனில் சொல்லக்கூடியதென்றால் அவர் இந்த நோக் காலோடு வந்திருக்க மாட்டார் என்று றோசலினுக்கு உடனே தெரிந்தது.

அவர் இக்னேசியஸைப் பற்றிச் சொல்லி முடித்ததும் றோசலின் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டாள். எத்தனை நாள் வயிற்று நோ? எந்தப் பக்கம்? சத்தி எடுத்தானா? காய்ச்சல் எத்தனையாம் நாள்?

தொப்புளைச் சுற்றி நோ துவங்கி வலது பக்கத்துக்கு இறங்கியிருக்கிறது. முதல் இரண்டு நாளும் கடல் சும்மா கிடந்தது, கப்பல் ஓடியது. வா டொக்டரிடம் போவோம் என்று கலியோப்பியின் தங்கை, அந்த வீட்டுக்கார மனுசி, இழுத்திருக்கிறார். டொக்டர் பார்த்தால் பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார், துறைமுகத்தில் பேர் கேட்பார்கள் என்று அவன் போகவில்லை. இவ்வளவு காலம் பொறுத்துவிட்டோம், இனிக் கொஞ்ச நாள்தான், இப்போது பிடிபட்டு நாட்டைவிட்டு அனுப்பினால் எல்லாம் பிழையாய்ப்போகும் என்றானாம்.

"மூண்டாம் நாள்?"

மூன்றாம் நாள் காலை நோ விட்டுப்போனதென்று எழும்பி இருந்து, ஒரு தேத்தண்ணீர் குடித்திருக்கிறான். தங்கைக்குச் சந்தோசமாம்.

றோசலின் தலையைக் குனிந்துகொண்டாள். சுகமாகிவிட்டதென்று வீட்டார் நினைக்கிற அந்த நேரத்தில் உள்ளே குடல்வால் வெடித்திருக்கும் என்பதை அவள் படித்திருந்தாள்.

அன்று மத்தியானம் காற்றுத் துவங்கியது. அதற்குப் பிறகு டொக்டர் வந்தார். பொலிஸும் வந்தது, ஒன்றும் கேட்கவில்லை, அவர்களே படகுக்கும் ஹெலிகொப்டருக்கும் முயன்றார்கள். ஐந்து நாள் எதுவும் தீவுக்கு வரவில்லை. தை பதினேழாம் திகதி விடிய அவன் போய்விட்டான். அந்த வீட்டாரின் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள்.

"குடும்பம் இருக்கோ எண்டு கேட்டவையோ?"

கலியோப்பி கையுறையைத் திருகினார். கேட்டார்கள். தங்கை, ஒருவரும் இல்லை என்று சொன்னாராம். இக்னேசியஸ் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான்: எனக்கு என்ன நடந்தாலும் மனைவி பேரைச் சொல்லவேண்டாம், அவளுக்குக் கனடாவில் பிரச்சினை வரும். ஆகவே அங்கே பதிவில் கலியாணம் செய்யாதவன். பேரை மட்டும் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள்.

றோசலின் கலியோப்பிக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து, அவருடைய ஈரக் காலுறையைக் கழற்றித் துடைத்து, தன்னுடையதைப் போட்டுவிட்டாள். பஸ் தரிப்புவரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு வேலைக்குப் போனாள். அன்றைக்கு அவளுடைய பக்கத்தில் எட்டுப் பேருக்குக் குளிப்பாட்டு. எட்டுப் பேரையும் குளிப்பாட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது அருள்நாயகி அன்ரியின் குரல் ரெலிபோன் மெசினில் இருந்தது. "பிள்ளை, மாசி அஞ்சு இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில விழுது. சனம் கூட வரும். அரிசி கூடப் போடும்."

பூசையை மறிக்கலாமா என்று அவள் யோசித்தாள். மறித்தால் ஏன் என்று கேட்பார்கள். வேறு நாளில் வைக்கலாம் என்றால் அதற்கும் ஏன் என்பார்கள். ஒருவர் செத்தால் சொல்லி அழ நாலு பேர் வேண்டும். அவளுக்கு முப்பது பேர் இருந்தார்கள். ஆறு வருடத்துக்கு முந்தியே அவர்கள் துக்கம் கேட்டு முடித்துவிட்டார்கள்.

பழைய கசெற்றில் அவன் சொன்ன கணவாயை நினைத்து, கணவாய்க் கறி வைத்தாள்.

பூசையில் சுவாமியார், "இக்னேசியஸ் அவர்களின் ஆறாம் ஆண்டு நினைவாக" என்று வாசித்தார். அவன் போய் அன்று பத்தொன்பதாம் நாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கே இன்னும் பன்னிரண்டு நாள் கிடந்தது. றோசலின் வழக்கம்போல முன்வரிசை வாங்கில் நிமிர்ந்துதான் இருந்தாள். பேரைக் கேட்டதும் முதுகு வளைந்தது. பிறகு வாங்கிலிருந்து முழங்காலுக்கு இறங்கி, முன்கட்டையில் நெற்றியை வைத்து, சத்தம் போட்டு அழுதாள். சுவாமியார் நிறுத்தி, பார்த்துவிட்டு, மெதுவாகத் தொடர்ந்தார்.

கீழ் மண்டபத்தில் பெண்கள் தட்டு அடுக்கிக்கொண்டே பேசினார்கள்.

"இவ்வளவு காலமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பொம்பிளை."

"கல்லெண்டெல்லோ நான் நினைச்சனான்."

"சும்மா இருங்கோ," என்றார் அருள்நாயகி அன்ரி. அவர் வந்து றோசலினின் முதுகைத் தடவிவிட்டார். "அழு பிள்ளை. உள்ளுக்கு வைச்சிருந்தனீ. ஆறு வருசம் போச்சு. இனி உனக்கு ஆறிவிடும்."

"ஓம் அன்ரி," என்றாள் றோசலின்.

சனம் வரிசையில் நின்றது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அகப்பையை எடுத்துக் கறி போடத் தொடங்கினாள். கணவாய் நல்லாயிருக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். இக்னேசியஸைப் பற்றியும் இரண்டு பேர் நல்லதாகச் சொன்னார்கள். அவர்கள் அவனைக் கண்டதே இல்லை.