தறிக்குழியில் இரண்டு முயல்கள்

பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்க ஆள் வேண்டுமென்றால் கமலவேணியைத்தான் கூப்பிடுவார்கள். தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவு முடியும் இடத்தில், புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பது அவள் வேலை. பழையது தறியிலேயே இருக்கும். புதியதுதான் அதைத் தேடி வரவேண்டும்.

கொழுந்தன் தனிக்குடித்தனம் போனதில் வீட்டின் இரண்டாவது தறி ஓடாமல் நின்றது; நெய்பவர் கால் தொங்கவிடும் அதன் குழி காலியானது. அதில் வெள்ளச்சி என்ற முயல் இருந்தது. ஜோடி செத்த பிறகு அது கீரையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. முதுகெலும்பு தெரிய மெலிந்தது. கமலவேணி ஐயம்பேட்டைக்குப் போய் சாம்பல் நிற ஆண் முயல் ஒன்றை வாங்கி வந்தாள். வந்த கையோடு, பாவு பிணைக்கிற முறையிலேயே, அதைக் குழிக்குள் இறக்கினாள். வெள்ளச்சி பாய்ந்து அதன் காதைக் கிழித்தது.

"ஊர் இழையெல்லாம் சேக்கற, ரெண்டு முயலைச் சேக்கத் தெரியலியேடி!" பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் சிரித்தாள்.

"இழை கடிக்காதுக்கா."

மறுநாளும் அதே கதைதான். கணவர் குமாரசாமி தறியை விட்டு எழாமலே சொன்னார்: "ஆயுதபூஜை வரைக்கும் பாரு. அப்புறம் புதுசை வந்த எடத்துக்கே அனுப்பிடு."

"அங்க கொழம்புல போட்டுருவாங்க."

"நாமளா போடப்போறோம்?"

அன்றிலிருந்து அவள் புதியதைத் தனியாக ஒரு கூடையால் கவிழ்த்து மூடி வைத்தாள்.

பூஜைக்கு முந்தின நாள் தறிகளைத் துடைத்து, குழிகளைச் சாணமிட்டு மெழுகினார்கள். மெழுகியது உலரும்வரை முயல்கள் பொன்னியம்மாளின் புழக்கடையில் இருந்தன. கமலவேணி கையில் முறத்தோடு காவல் நின்றாள். சண்டை வரவில்லை. இரண்டும் சுவரோரம் பம்மிக்கொண்டு திருதிருவென்று விழித்தன. வெயில் ஏற ஏற ஒரே நிழலுக்கு வந்து சேர்ந்தன.

"இது என் வூடுடி. இங்க ரெண்டுக்கும் வாய் ஏது? அங்க வெள்ளச்சி வூட்டுல புதுசக் கொண்டாந்து வுட்டா அவ சும்மாவா இருப்பா?" என்றாள் பொன்னியம்மாள்.

கமலவேணி முறத்தைக் கீழே வைத்தாள். மெழுகி உலர்ந்த குழியில் இப்போது சாண வாடைதான் இருந்தது; வெள்ளச்சியின் வாடை இல்லை. இரண்டையும் ஒரே கூடையில் வைத்து ஒன்றாக இறக்கினாள்.

மறுநாள் பூஜைக்குக் குமாரசாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளச்சி புதியதின் கிழிந்த காதை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கீரைத்தண்டு மட்டும் மிச்சம் கிடந்தது.

"இன்னா, இத அனுப்பலியா?"

"இந்தத் தறிக்கும் பொட்டு வைங்க," என்றாள் கமலவேணி.

அவர் வைத்தார்.