திப்பாவில் மீன் பிடிக்கப் போன வெள்ளிக்கிழமை

2007 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. விடிகாலை ஐந்து மணிக்கு துபாய் அல் கூஸ் லேபர் கேம்ப் வாசலில் புதுத் தூண்டில் கழியோடு நின்றபோதே, போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. நான் பயந்த சுபாவக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முக்கொம்பில் மண்புழு கோத்துக் கெளுத்தி பிடித்ததைத் தவிர எனக்கு நீரோடு வேறு பழக்கம் கிடையாது. துபாய் வந்து ஏழே மாதத்தில் கடலுக்குக் கிளம்பினேன் என்றால், காரணம் எங்கள் ஆபீஸில் இருந்த கனடாக்கார இன்ஜினீயர்.

அவர் மேற்குக் கனடாக்காரர். வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதினால் மான் வேட்டைக்குப் போகலாமாம். கடையில் அனுமதிச் சீட்டு வாங்கினால் ஆற்றில் மீன் பிடிக்கலாமாம். இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்றுகொண்டு, ஈ மாதிரி இறகு கட்டிய தூண்டிலைச் சுழற்றி வீசுவார்களாம். கரடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, இறகு கட்டிய இரண்டு தூண்டில்முள்ளை எனக்குக் கொடுத்தார்.

இங்கே புதிதாக வருகிறவருக்கு என்ன வழி என்று நானும் விசாரித்தேன். வேட்டை என்ற பேச்சே வேண்டாம். துப்பாக்கியை நினைத்தாலே விசா கேன்சல் என்று பயமுறுத்தினார்கள். வல்லூறு வைத்துப் பறவை பிடிப்பது அரபிகளின் விளையாட்டு, நமக்கு ஆகாது. துபாயில் படகு எடுத்தால் நாலு மணி நேரத்துக்கு ஆயிரத்து நானூறு திர்ஹாம். கிழக்குக் கரையில் திப்பா என்ற ஊரில் ஆறு மணி நேரம் முந்நூறு திர்ஹாம்தான். தூண்டில் கழி தேரா கடைத்தெருவில் எண்பத்தைந்துக்கு வாங்கினேன். ஆக, திப்பா.

தனியாகப் போகத் தைரியமில்லாமல் முனியசாமியைக் கூப்பிட்டேன். அவர் எங்கள் கம்பெனியில் பைப் ஃபிட்டர். வயது நாற்பதுக்கு மேல். பாம்பன் பக்கத்துக்காரர், படகில் பங்கு வைத்து மீன் பிடித்தவர். ஒருமுறை காற்றில் எல்லை தாண்டிப் போய் அந்தப் பக்கத்து நேவி பிடித்து முப்பத்தெட்டு நாள் அடைத்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் பங்கை விற்றுவிட்டு வளைகுடாவுக்கு வந்துவிட்டார். முதலில் வர மறுத்தார். ஆபீஸ்காரன் கூப்பிட்டால் எத்தனை தடவைதான் மறுப்பது?

நான் என்ன ஆபீஸ்காரன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்களின் விசா, லேபர் கார்டு, பாஸ்போர்ட் பார்க்கிற கிளார்க். எங்களைப் போன்ற ஸ்டாஃப் பாஸ்போர்ட்டை எங்களிடமே வைத்துக்கொள்ளலாம். தொழிலாளிகளின் பாஸ்போர்ட் நானூறும் என் மேஜைக்குப் பின்னால் உள்ள இரும்பு அலமாரியில் இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனியிலும் இதுதான் வழக்கம். அதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. சாவி என்னிடம், ஆனால் மேனேஜர் கையெழுத்தில்லாமல் ஒன்றை எடுத்தாலும் என் வேலை போய்விடும்.

மணி 5.10. வண்டி கிளம்பியது. ஓட்டியவர் ஒரு பட்டாணியர், கான் பாய். போகவர முந்நூறு திர்ஹாம். டாக்ஸி லைசென்ஸ் கிடையாது.

"போலீஸ் கேட்டா நாம தோஸ்த்," என்றார் இந்தியில். "என் பேர் கேட்டா குல் கான். எத்தனை வருஷப் பழக்கம்னு கேட்டா மூணு வருஷம்."

"நான் வந்தே ஏழு மாசம்தான் பாய்."

"அப்ப ஏழு மாசம்."

தைத் என்ற ஊரைத் தாண்டும்வரை ஒவ்வொரு வெள்ளை வண்டியும் எனக்குப் போலீஸ் வண்டியாகவே தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மசாஃபி என்ற ஊருக்கு முன்னால் சாலையோரச் சந்தையில் தேநீருக்கு நிறுத்தினார். வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பெயர், எல்லா நாளும் திறந்திருக்குமாம். கம்பளங்களும் மண்பானைகளும் வரிசையாக இருந்தன. தேநீர் ஒரு திர்ஹாம். அங்கேதான் முனியசாமி கேட்டார்.

"சார், புதன்கிழமை சொன்னேன்ல, என் பாஸ்போர்ட்ட எடுத்தாந்தீகளா?"

"எதுக்கு முனியசாமி? நாம எமிரேட்ஸ விட்டு எந்த எல்லையும் தாண்டப் போறதில்லையே. லேபர் கார்டு காப்பி போதும்."

"கடலுல கோடு தெரியாது சார். அதுக்குச் சொன்னேன். இன்னொரு தடவ லாக்கப்புல கெடக்க என்னால ஆகாது."

"ஒண்ணும் ஆகாது," என்றேன். மேனேஜரிடம் கையெழுத்துக் கேட்கவே பயந்தேன் என்று சொல்லவில்லை. என் பாஸ்போர்ட் என் தோள்பையில் இருப்பதையும் சொல்லவில்லை.

மணி 7.15. மலைகளுக்கு நடுவே நூற்று நாற்பது கிலோமீட்டர் வந்து திப்பாவில் இறங்கினோம். திப்பா ஒரே ஊர்தான், ஆனால் மூன்று துண்டு. ஒன்று ஃபுஜைரா, ஒன்று ஷார்ஜா, இரண்டும் எமிரேட்ஸ்; மூன்றாவது ஓமான் தேசம். சாலையில் நடுவே கேட்டும் இல்லை, காவலும் இல்லை. கடைகளில் விலை ரியாலுக்கு மாறினால் அது ஓமான். ஊருக்கு வடக்கே கடலில் செங்குத்தாக இறங்கும் மொட்டைப் பாறை மலைகளும் ஓமானுடையவை.

எங்கள் படகு ஃபுஜைரா பக்கத்துத் துறையில் நின்றது. இருபத்தைந்தடி ஃபைபர் படகு. ஓட்டுபவர் ரஃபீக் என்ற வங்காளதேசத்துக்காரர். பன்னிரண்டு மணி ஜும்மா தொழுகைக்குக் கரையில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். லைஃப் ஜாக்கெட் இரண்டுதான் இருந்தது. ஒன்றை நான் கேட்காமலே மாட்டிக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் கரையோரமே சுற்றியும் ஒரு கொத்தல்கூட இல்லை. ரஃபீக் வடக்கே மலையைக் காட்டினார். "உதர் பஹுத் மச்லி." அங்கே நிறைய மீன். எல்லாரும் அங்கேதான் போவார்களாம்.

"வேணாம் சார்," என்றார் முனியசாமி. "அங்கிட்டு அவுக கடலு."

முந்நூறு திர்ஹாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா? கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். பயந்தவனுக்கும் ஆசை உண்டு, அதுதான் சங்கடம்.

மலை பக்கத்தில் வந்தது. மூன்று கப்பலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் மறைக்கிற உயரம். அடியில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. முனியசாமி கனடாக்காரரின் இறகு முள்ளை வாங்கிப் பார்த்தார்.

"நாங்க கோழியிறகு கட்டி இழுப்போம் சார். இதுவும் அதுதான், துரை வீட்டு இறகு."

என் புதுக் கழியை ஒதுக்கிவிட்டு, கைக்கயிற்றில் அந்த முள்ளைக் கட்டிப் படகின் பின்னால் விட்டார். பத்து நிமிடத்தில் கயிறு விண்ணென்று இழுத்தது. அதை என் கையில் கொடுத்தார். உள்ளங்கை எரிய எரிய இழுத்தேன். வெள்ளிப் பட்டையாக ஒரு வஞ்சரம், நாலு கிலோவாவது இருக்கும். அவர் ஊரில் அதைச் சீலா என்பார்களாம். என் ஆயுளில் பிடித்த பெரிய மீன் அது.

"போதும் சார், திரும்பிருவம். வாடை எறங்குது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றேன்.

மணி 10.20. வடக்கிலிருந்து சில்லென்று காற்று வந்தது. கால் மணி நேரத்தில் கடல் முழுவதும் வெள்ளையாக நுரைத்தது. படகின் மூக்கு தூக்கித் தூக்கி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் என் பல் கிட்டியது. உள்ளே கணுக்கால் வரை தண்ணீர். முனியசாமி எண்ணெய் டப்பாவால் இறைத்துக்கொண்டே இருந்தார். நான் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சமயபுரத்தாளுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

எதிரே மலை மடிப்பில் ஒரு சின்னக் கடற்கரை தெரிந்தது. ரஃபீக் அங்கே ஒதுங்கலாம் என்றார். முனியசாமி கூடாதென்றார். "இது ஒண்ணும் பெரிய அலையில்ல சார். ஓரமா வளஞ்சு வளஞ்சு போனா ஒரு மணி நேரத்துல தொறைக்குப் போயிரலாம். நான் ஓட்டுறேன். அங்க மட்டும் வேணாம்." கடல் தெரிந்தவர் சொல்கிறார். ஆனாலும் படகுக்குக் காசு கொடுத்தவன் நான், நான் சொல்வதைத்தான் ரஃபீக் கேட்பார். "ஒதுங்குங்க, யல்லா, ஒதுங்குங்க," என்று கத்தினேன். அந்த நேரத்தில் முனியசாமியின் முப்பத்தெட்டு நாள் எனக்கு ஞாபகமே இல்லை.

மடிப்புக்குள் காற்று இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பாறைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் இன்னொரு படகு ஒதுங்கி நின்றது. ஓமான் கடலோரக் காவல் படகு.

இரண்டு பேர் வந்தார்கள். அதட்டவில்லை, மிரட்டவில்லை. ரஃபீக்கின் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அவரை அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, திட்டிவிட்டுக் கொடுத்தார்கள். அடுத்து என் பக்கம் திரும்பி, "பாஸ்போர்ட்," என்றார் மீசை வைத்த அதிகாரி.

நான் தோள்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். முனியசாமி அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அவரிடம் இருந்தது நனைந்த லேபர் கார்டு காப்பி. மை கலைந்து, முகம் ஒரு கறையாக இருந்தது. பாஸ்போர்ட் எங்கே என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

"கம்பெனி," என்றார் முனியசாமி.

அதிகாரி என்னிடம் திரும்பினார். நீயும் அதே கம்பெனியா?

ஆமாம், அதைப் பூட்டி வைத்திருப்பவனே நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொழிலாளியைப் பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டிக் கூட்டிவந்த கிளார்க் என்று என்னையும் பிடிப்பார்கள், கம்பெனிக்குப் போன் போகும், மேனேஜர் வருவார். இத்தனையும் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடியது. என் தலை தானாக ஆடியது, இல்லை என்று.

"ஆமா, இவரு வேற," என்றார் முனியசாமி, அவருக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில். "சும்மா பழக்கம்."

நான் சொன்ன பொய்க்கு அவர் முட்டுக் கொடுத்தார். அவரைத் தங்கள் படகுக்கு மாறச் சொன்னார்கள். அடையாளம் காட்டும்வரை ஓமான் திப்பா ஸ்டேஷனில் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டோடு யாராவது வரட்டும் என்றார்கள். ஒரு காலை அந்தப் படகில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் படகின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டார். ஒரு காவலர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மணி 12. காற்று தணிந்து கரைக்கு வந்துவிட்டோம். கான் பாய் எங்களை எண்ணிப் பார்த்தார்.

"இன்னொரு தோஸ்த் எங்கே?"

சொன்னேன். கேட்டுவிட்டு, "ஜும்மா முடிச்சிட்டுப் போகலாம்," என்று பள்ளிவாசலுக்குப் போனார். அந்த முக்கால் மணி நேரம் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். காலடியில் வஞ்சரம் நாற ஆரம்பித்திருந்தது. பேசாமல் துபாய்க்குப் போய்விட்டு, கம்பெனிக்குத் தகவல் வந்தால் நாளைக்கு மேனேஜரே பார்த்துக்கொள்ளட்டும் என்றுகூட நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவர் படகு விளிம்பை விடாமல் நின்றது மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. கான் பாய் வந்ததும், ஆபீஸில் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும் என்றேன்.

கான் பாய் நூற்று நாற்பதில் ஓட்டியும் துபாய் நெரிசல் நேரத்தைத் தின்றது. மணி 3-க்கு ஆபீஸ். வாட்ச்மேனிடம் போனை மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனேன். அலமாரியைத் திறக்க மூன்று தடவை சாவியைத் தவறவிட்டேன். கையெழுத்தில்லாமல் நான் வெளியே எடுத்த முதல் பாஸ்போர்ட் அது. மீண்டும் நூற்று நாற்பது கிலோமீட்டர். ஃபுஜைரா திப்பாவிலிருந்து ஓமான் திப்பாவுக்குள் வண்டியிலேயே நுழைந்தோம், யாரும் எதுவும் கேட்கவில்லை. கடலில் அத்தனை பாடுபடுத்திய எல்லை, சாலையில் ஒரு வேகத்தடை அளவுக்குக்கூட இல்லை.

மணி 5.30. ஸ்டேஷனில் அதே மீசைக்கார அதிகாரி. பாஸ்போர்ட்டைப் புரட்டினார், என் முகத்தைப் பார்த்தார்.

"காலையில் வேற கம்பெனி என்றாயே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கலாஸ், முடிந்தது. இனிமேல் அந்தப் பக்கம் வராதீர்கள்," என்று பாஸ்போர்ட்டை முனியசாமியிடமே கொடுத்தார்.

வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. உள்ளே ஏதாவது செய்தார்களா என்று கேட்டேன். சோறு கொடுத்தார்கள், கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான் என்றார். கதவைச் சாத்தும்போது மட்டும் அந்த முப்பத்தெட்டு நாள் ஞாபகம் வந்துவிட்டதாம். விளக்கடியில் நின்று பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏர்போர்ட்டில் கம்பெனி ஆளிடம் கொடுத்தது. அதற்குப் பிறகு இன்றுதான் கையில் பிடிக்கிறார். தன் போட்டோவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க முனியசாமி," என்றேன். வேறு என்ன சொல்வது?

"கையெழுத்து வாங்கித்தான் எடுத்தீகளா சார்?"

"இல்ல. மேனேஜருக்குத் தெரியாது."

அவர் பாஸ்போர்ட்டை மூடி என்னிடம் நீட்டினார். "அப்ப இந்தாங்க. நாளைக்கு ஆபீஸ் உண்டுல்ல. இது அங்கன இல்லன்னா உங்க வேலைக்குல்ல ஆபத்து."

ஊரில் இருந்திருந்தால் முக்கொம்புத் தண்ணீரில் பாம்புக்கு மட்டும் பயந்துவிட்டு வீடு திரும்பியிருப்பேன். இந்த ஒரு நாளில் போலீஸுக்குப் பயந்தேன், கடலுக்குப் பயந்தேன். ஆனால் அந்த விளக்கடியில் மேனேஜருக்குப் பயந்த மாதிரி எதற்கும் பயப்படவில்லை. வேண்டாம், அது உங்களுடையது, உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, மேனேஜர் வருவதற்கு இருபது நிமிடம் முன்னால், அதை அதன் இடத்தில் வைத்து அலமாரியைப் பூட்டினேன்.