நாவல் எழுதுகிறேன் என்று சொன்ன வருடம்

போன வாரம் மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், கைப்பேசியைச் சட்டென்று பைக்குள் போட்டுவிட்டு, "எல்லா உயிரும் போயிடுச்சு. இனிமே அரை மணி நேரம் காத்திருக்கணும்" என்று தோழியிடம் அலுத்துக்கொண்டாள். எதிரே இருந்த பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஏதோ விளையாட்டு என்று அவருக்கு யார் சொல்வது? நான் சொல்லியிருக்கலாம். உயிர் போய் உயிர் வந்து ஒரு வருடத்தையே ஓட்டியவள் நான்.

இரண்டாயிரத்து ஒன்றில், பெங்களூர் ஜீவனஹள்ளியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்யும் சின்ன ஆபீஸில் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி எங்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டு, "ஆபீஸை மூடுறோம். சம்பள பாக்கிக்குப் பதிலா அவங்கவங்க கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி ஆட்டோவில் வந்தேன். நிறைமாதக்காரியை ஏற்றி வந்தவர் போல டிரைவர் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை மெதுவாக இறக்கினார்.

குடியாத்தத்தில் இருந்த அப்பாவிடம் இதைச் சொல்ல முடியாது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை அனுப்பும்போதே, "வேலை இருக்கிற வரைக்கும்தான் பெங்களூர். இல்லன்னா அடுத்த பஸ்ல ஊருக்கு, தையில கல்யாணம்" என்று முழங்கியிருந்தார். அதனால் அன்று சாயங்காலம் அண்ணனிடம், "அப்பாகிட்ட சொல்லாதே. எனக்கு ஒரு வருஷம் கொடு. நாவல் எழுதப் போறேன்" என்றேன். டாக்டர்கள் சொல்லும் நோயாளிகளுக்கெல்லாம் மனதுக்குள் வீடும் வாசலும் சண்டையும் கட்டிக் கொடுத்துப் பழகியிருந்த தைரியம்தான். விமானம் வாங்கப் போகிறேன் என்று சொன்னதைப் போல அண்ணன் என்னைப் பார்த்தான். அண்ணி மட்டும் ஒன்றும் கேட்காமல் பின்னறையிலிருந்த அரிசி மூட்டையை நகர்த்தி மேஜைக்கு இடம் செய்தாள்.

காலையில் பத்துப் பக்கம் எழுதினால் ஒரு மணி நேரம் விளையாடலாம். இதுதான் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். கூட வேலை பார்த்த ஒருத்தி பிளாப்பியில் கொடுத்த விளையாட்டு அது. தலையில் விளக்கு கட்டிய ஒரு குள்ளன் சுரங்கத்தில் ஓடுவான். மேலிருந்து பாறை விழும். மொத்தம் மூன்று உயிர். மூன்றாவது மாதத்தில் சட்டம் தலைகீழாகிவிட்டது. விளையாடினால்தான் கற்பனை ஊறும் என்று புதிதாகக் கண்டுபிடித்தேன். குள்ளன் ஏழாவது சுரங்கத்தைத் தாண்டாததால் என் கதாநாயகி வசந்தா பதினோரு நாள் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றாள்.

அண்ணி ஜீவனஹள்ளியிலேயே பிறந்து வளர்ந்தவள்; தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும். "சும்னே தானே உக்காந்திருக்கே, நானும் ஸ்வல்ப ஆடிப் பார்க்கிறேன்" என்று ஒருநாள் நாற்காலியைப் பிடித்தாள். பத்தே நாளில் என்னை மிஞ்சிவிட்டாள். ஆடிக்கொண்டே கதை கேட்பாள்.

"அந்த வசந்தா என்ன ஆனா?"

"பஸ் ஸ்டாப்ல நிக்கிறா, அண்ணி."

"இன்னுமா? கால் வலிக்காதா அவளுக்கு?"

அந்த வெட்கத்தில்தான் மறுபடி பேனாவை எடுப்பேன். நாவல் நகர்ந்தது முழுக்க அண்ணியால்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் போன் அடிக்கும். "ஆபீஸ் எப்படிம்மா?" என்பார் அப்பா. "நல்லா போகுதுப்பா." ரிசீவரை வைக்கும்போது அது ஈரமாக இருக்கும்.

ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. அண்ணி ஆடிக்கொண்டிருந்தாள். "குதிங்க அண்ணி, குதிங்க!" என்று பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் அப்பா, கையில் பையோடு.

"ஆபீஸ் லீவாம்மா?"

"ஆமாம்பா. இன்னிக்கு லீவு."

பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அண்ணியோடு சமையலறைக்கு ஓடிக் காபி போட்டு எடுத்துவந்தபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையில் இருந்த முதல் நோட்டைத் திறந்திருந்தார். மொத்தம் ஐந்து நோட்டுகள். டிக்கெட் கிழிப்பது போல விரலால் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பிடுங்கவா முடியும்? மூன்றாம் அத்தியாயத்தில் வசந்தாவின் ஆபீஸ் மூடப்படுகிறது. ஞாயிறுதோறும் அவள் அப்பாவிடம் பொய் சொல்கிறாள். ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்த அப்பாவை மட்டும் ஹெட்மாஸ்டர் ஆக்கியிருந்தேன்.

சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் நோட்டு. அண்ணி கவனிக்காமல் ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. நாலு மணிக்கு ஐந்தாவது நோட்டை மூடினார்.

"எந்த ஹெட்மாஸ்டர்மா வீட்டுல 'முன்னாடி போ, முன்னாடி போ'ன்னு கத்துறான்?"

நான் ஐந்து நோட்டுகளையும் எடுத்து வரிசையாக அடுக்கினேன்.

"ஆபீஸ் மூடி எத்தனை மாசம் ஆச்சு?"

"ஒன்பது மாசம்பா."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "போன் அடிச்சாலே அந்தப் பொண்ணுக்கு வேர்த்துப் போகுதே. அவ்வளவு பயமா என்மேல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "கடைசி அத்தியாயத்தைக் காணோமே?"

"எழுதலப்பா. விஷயம் தெரிஞ்சா அவ அப்பா என்ன பண்ணுவார்னு தெரியல."

"டீ குடிச்சிட்டு ஊருக்குக் கிளம்பிட்டார்னு எழுது. தனியா."

அப்படியேதான் செய்தார். போகும் முன் குள்ளனை ஒரு கை பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, ஒரு நிமிடத்தில் மூன்று உயிரையும் விட்டார். அவரை பஸ் ஏற்றிவிட்டு அண்ணியும் நானும் நடந்தே திரும்பினோம். ஒன்பது மாதத்தில் அன்றுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன் என்று தோன்றியது. வழியில் அண்ணி ஏனென்றே தெரியாமல் சிரிக்க ஆரம்பித்தாள், நானும்.

கடைசி அத்தியாயத்தை ஒரே நாளில் எழுதினேன். மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. பத்திரிகைக்கு அனுப்பிய நாவல் நன்றியோடு திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால் அதுவும் ஒரு நிம்மதிதான்; இனி யாருக்கும் நான் எழுத்தாளர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

ஜீவனஹள்ளி வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி நிற்கிறது. கம்ப்யூட்டர் ஒரு மழைக்காலத்தில் செத்தது. அந்தக் குள்ளனை இப்போதுள்ள எந்த இயந்திரமும் ஓட்டாது. நோட்டுகளை அப்பா குடியாத்தத்துக்கு எடுத்துப்போய், "என் பொண்ணு எழுதினது, நான்கூட இதுல வர்றேன்" என்று பழைய டிப்போ நண்பர்களிடம் சுற்றுக்கு விட்டார். ஐந்தும் திரும்பி வரவேயில்லை. கடைசியாக ஒரு டிரைவரின் மனைவி வாசித்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.